ஆஞ்சியோவில் தெரியாத குழாய்கள்: சர்க்கரை நோயும் இதயமும்

சர்க்கரை நோயாளியின் கோப்பைத் திறந்தால் முதலில் கையில் வருவது வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை என்று அடுக்கி வைத்த சீட்டுகள். பத்து வருடத்துக்கான சீட்டுகூட இருக்கும். அதே கோப்பில் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஏசிஆர் ரிப்போர்ட்டைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்த தாள் ஒன்று இருந்தாலே பெரிது. இவருக்கு இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், அந்த இரண்டு தாளும் இல்லாமல் பதில் சொல்வது கஷ்டம்.

கண்ணுக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒருவர், கால் எரிச்சலுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர் என்று நான்கு கோப்பு வைத்திருப்பவர்கள் உண்டு. நான்கிலும் கெட்டுக்கொண்டிருப்பது ஒரே பொருள்: தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இரத்தக் குழாய். கண்ணில் அதை நேராகப் பார்க்க முடிகிறது. சிறுநீரகத்தில் அது ஒழுகுவதை அளக்க முடிகிறது. பாதத்தில் அது பட்டினி போட்ட நரம்பைத் தொட்டுச் சோதிக்க முடிகிறது. இதயத்தில் மட்டும் சுலபமாகப் பார்க்க வழி இல்லை. அதனால்தான் மற்ற மூன்றையும் பார்ப்பது இதயத்துக்காகவும்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நுண்குழாயின் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரான். சிவப்பணுவின் அகலமோ 7 அல்லது 8 மைக்ரான். பல இடங்களில் சிவப்பணு வளைந்து, மடங்கித்தான் உள்ளே நுழையும். குழாயின் சுவர் என்று தனியாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது: ஒரே அடுக்குச் செல்கள், அதற்கு வெளியே ஒரு மெல்லிய சவ்வு, ஆங்காங்கே அதைப் பிடித்து நிற்கும் துணைச் செல்கள். அவ்வளவுதான்.

இந்த உட்சுவர்ச் செல்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. தசையும் கொழுப்பும் இன்சுலின் இருந்தால்தான் சர்க்கரையைத் தாராளமாக உள்ளே எடுக்கும். உட்சுவர்ச் செல் அப்படியில்லை. இரத்தத்தில் 250 ஓடினால் அதற்குள்ளும் ஏறிவிடும், வேண்டாம் என்று தடுக்க அதற்குத் தெரியாது. உள்ளே தேங்கிய சர்க்கரை எரியும்போது ஆக்ஸிஜனேற்றக் கழிவு பெருகுகிறது. குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்க முடியாத விறைப்பான கூட்டுப் பொருளாகிறது. வெளிச் சவ்வு தடிக்கிறது, துணைச் செல்கள் சாகின்றன.

தடித்தால் ஒழுகக் கூடாதே என்று தோன்றும். ஆனால் சவ்வு தடிக்கும்போதே அதன் சல்லடை அமைப்பும், புரதத்தைத் தள்ளி நிறுத்தும் மின்னூட்டமும் கெடுகின்றன. ஆக்ஸிஜன் கடப்பது கடினமாகிறது, ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் கடப்பது எளிதாகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் சர்க்கரை நோயின் நுண்குழாய்ச் சேதம்.

இதில் இரத்த அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. ஆரோக்கியமான உடம்பில் நுண்குழாய்க்கு முன்னால் இருக்கும் சிறு தமனி, பிரஷர் ஏறும்போது சுருங்கி, உள்ளே போகும் வேகத்தைக் குறைத்துவிடும். சர்க்கரை நோயில் அந்தச் சுருக்கம் தளர்ந்துபோவதால், கையில் அளக்கும் 150 பெரிய தடையில்லாமல் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேர்கிறது. சுகரை மட்டும் பிடித்துக்கொண்டு பிரஷரை விட்டவர்களுக்கு ஏன் கிட்னி கெடுகிறது என்பதற்குப் பாதி விடை இதுதான்.

‘ஆஞ்சியோ நார்மல்’ என்றால் என்ன?

இதயத் தசையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3000 நுண்குழாய்கள் உண்டு. கிட்டத்தட்டத் தசை நாருக்கு ஒன்று. இதயம் சும்மா இருக்கும்போதே தனக்கு வரும் ஆக்ஸிஜனில் 70 முதல் 80 சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது. மற்ற தசைகளுக்கு இருக்கும் கையிருப்பு இதற்குக் கிடையாது. மாடி ஏறும்போது கூடுதல் ஆக்ஸிஜன் வேண்டுமென்றால் இரத்த ஓட்டம் கூடியே ஆக வேண்டும், அதற்குச் சிறு குழாய்கள் விரிய வேண்டும். நல்ல இதயத்தில் ஓட்டம் நான்கு மடங்கு வரை கூடும். நுண்குழாய் கெட்டவருக்கு இரண்டு மடங்கைத் தொடுவதே பாடாக இருக்கும்.

ஆஞ்சியோகிராமில் தெரிவது இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய குழாய்களும் அவற்றின் கிளைகளும்தான். சுமார் அரை மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது படத்தில் வராது. ஆற்றிலும் பெரிய வாய்க்காலிலும் தண்ணீர் நிரம்ப ஓடுவதைக் காட்டிவிட்டு, கடைமடையில் பயிர் காய்வதை இல்லை என்று சொல்வது போன்ற நிலை. ‘பிளாக் இல்லை’ என்ற வார்த்தை உண்மை. ‘இதயத்தில் பிரச்சினை இல்லை’ என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்வதுதான் தவறு. நடந்தால் நெஞ்சு அழுத்துகிறது, ஆஞ்சியோ சுத்தமாக இருக்கிறது என்றால், ‘அப்ப இது வாயுதான்’ என்று கோப்பை மூடாமல், சிறு குழாய் நோயாக இருக்குமா என்று கேளுங்கள். பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். அவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது, அவர்களிடம்தான் ‘டென்ஷன்மா, ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்புவதும் அதிகம்.

சேதம் தொடர்ந்தால் தசை விறைக்கிறது. சுருங்கும் பலம் அப்படியே இருக்கும், எக்கோ ஸ்கேனில் இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் சதவீதம், 60 என்று வரும். ஆனால் தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் வேலை கெட்டுப்போகும். வாங்க முடியாத இரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கி மூச்சு வாங்கும். அடைப்பு இல்லாமலே சர்க்கரையால் இதயத் தசை கெடும் என்பதை 1972-லேயே ரூப்ளரும் குழுவினரும் விவரித்தார்கள். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு, சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு இதயத் தளர்ச்சி (ஹார்ட் ஃபெயிலியர்) ஏறத்தாழ 2.4 மடங்கும் பெண்களுக்கு 5 மடங்கும் அதிகம் என்று காட்டியது. இவ்வளவு பழைய செய்தி இன்னும் ‘இ.எஃப். 60, ஹார்ட் சூப்பர்’ என்ற ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது. எக்கோ எடுத்தால் இ.எஃப். எண்ணோடு நிறுத்தாமல், தசை தளர்ந்து இரத்தத்தை வாங்குவதில் கோளாறு (டயஸ்டாலிக் கோளாறு) எந்த அளவில் இருக்கிறது, இடது மேலறை வீங்கியிருக்கிறதா என்ற இரண்டு வரியையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இதயம் திணறும்போது கூடும் என்.டி. புரோ பி.என்.பி. என்ற இரத்தப் பரிசோதனையில் 125-க்கு மேல் வந்தால் எக்கோ பார்ப்பது நல்லது. சிறுநீரகம் கெட்டிருந்தாலும் வயதானாலும் இந்த எண் கூடும், உடல் பருமன் இருந்தால் குறைத்துக் காட்டும்; அதனால் தனி எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

ஒரு கப் சிறுநீர்

ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் ஏசிஆர். சிறுநீரில் ஆல்புமினுக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு நுண்குழாய்ப் பந்து. அவை ஒழுகத் தொடங்கினால், அதே நேரத்தில் வேறு இடத்து நுண்குழாய்களும் சும்மா இருப்பதில்லை. இரத்தத்தில் கிரியேட்டினின் 0.9 என்று அழகாக இருக்கும்போதே ஏசிஆர் 80, 100 என்று வருவது சாதாரணம். அந்த ஆளுக்கு டயாலிசிஸ் வருமோ இல்லையோ, மாரடைப்புக்கும் இதயத் தளர்ச்சிக்கும் உள்ள வாய்ப்பு அன்றே கூடிவிட்டது.

30-க்குக் கீழே இயல்பு. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. 300-க்கு மேல் நன்றாகவே ஒழுகுகிறது. இது மில்லிகிராம் பெர் கிராம் கணக்கு. இலங்கையிலோ இங்கிலாந்திலோ எடுத்த ரிப்போர்ட்டில் மில்லிகிராம் பெர் மில்லிமோல் என்று இருக்கலாம், அங்கே 3 என்பதுதான் இங்கே 30. எண்ணை மட்டும் பார்த்து ‘3தான், நார்மல்’ என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு.

‘யூரின் ரொட்டீன் எடுத்தேன், ஆல்புமின் நில்’ என்று காட்டுவார்கள். அந்தக் குச்சிப் பரிசோதனை பெரிய ஒழுகலைத்தான் பிடிக்கும். ஆரம்பக் கசிவில் அது நில் என்றே காட்டும். சீட்டில் ஏசிஆர் என்றோ மைக்ரோ ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் என்றோ எழுதி வாங்குங்கள். மைக்ரோ ஆல்புமின் மட்டும் தனியாக எடுத்தால், தண்ணீர் நிறையக் குடித்த அன்று குறைவாகவும் குடிக்காத அன்று கூடுதலாகவும் வரும்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் சிறந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், 20 மில்லி போதும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி, சுகர் எகிறிக் கிடக்கும் வாரம் — இந்த நேரங்களில் எடுத்தால் எண் பொய்யாகக் கூடும். ஒரு தடவை கூடி வந்தால் அதை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள். 3 முதல் 6 மாதத்துக்குள் மூன்று மாதிரியில் இரண்டு கூடியிருந்தால்தான் உறுதி. டைப் 2 என்றால் நோய் கண்டுபிடித்த அன்றே முதல் பரிசோதனை, பிறகு வருடம் ஒருமுறை. கசிவு இருந்தால் இன்னும் அடிக்கடி.

டென்மார்க்கில் ஸ்டெனோ-2 என்ற ஆய்வு நடந்தது. 160 பேர்தான். எல்லோருக்கும் டைப் 2, எல்லோருக்கும் இந்த ஆரம்பக் கசிவு. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, சிறுநீரகக் கசிவு, புகை, நடை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தார்கள். 7.8 வருடம். இறுகப் பிடித்த குழுவில் இதய, இரத்தக் குழாய் நோய்கள் பாதிக்கு மேல் குறைந்தன. 21 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழுவினர் சராசரியாக 7.9 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஏசிஆர் கூடி வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒடுங்கிப் போகிறவர்களிடம் சொல்ல இதைவிட நல்ல செய்தி எங்களிடம் இல்லை.

கண்ணும் காலும்

விழித்திரைப் பரிசோதனை என்பது கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பதல்ல. பார்வை 6/6 இருக்கும்போதே உள்ளே குழாய் புடைத்து, இரத்தப் புள்ளி விழுந்திருக்கும். சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்த பிறகு பார்க்க வேண்டும். நான்கைந்து மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெயில் கூசும். பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு யாரையாவது கூட்டிப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு தமிழ்நாட்டில் பலருக்குச் சுகர், பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது, நல்ல விஷயம். கண்ணுக்கு மட்டும் நாம்தான் எழுந்து போக வேண்டும். மாத்திரை வந்துவிட்டதால் வருடப் பரிசோதனையும் முடிந்துவிட்டது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் 11, 12 என்று இருந்த எச்பிஏ1சி-யை (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை) இன்சுலினாலோ புதிய ஊசிகளாலோ சில மாதத்தில் 7-க்குக் கொண்டுவரும்போது, ஏற்கெனவே கெட்ட விழித்திரை தற்காலிகமாக இன்னும் மோசமாகலாம். சிகிச்சையைத் தள்ளிப் போட இது காரணமல்ல. தொடங்குவதற்கு முன் கண்ணைக் காட்டிவிட வேண்டும், அவ்வளவே.

பாதத்தில் செய்வது 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை. நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது லேசாக வளையும் வரை அழுத்துவார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எங்கே படுகிறது என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் முள் குத்தினாலும் தெரியாது. எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும், வீட்டுக்குள்ளும்தான். மத்தியான வெயிலில் கோயில் பிராகாரம் சுற்றுவதை விடுங்கள், கல் சுட்டது தெரியாமல் கொப்புளத்தோடு வருபவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. வெந்நீரில் காலை வைத்து ஊறவைக்கும் வழக்கமும் வேண்டாம். கால் எரிச்சலுக்கு எப்போதும் சர்க்கரையைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆனால் மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து அதே எரிச்சல் வரும். ஒரு தடவை பி12 பார்த்துவிட்டு நரம்பு மாத்திரையைத் தொடங்கினால் நல்லது.

நெஞ்சு வலி வராத மாரடைப்பு

பாதத்து நரம்பு மரத்துப்போவது போலவே இதயத்துக்குப் போகும் தானியங்கி நரம்புகளும் கெடும். அப்போது மாரடைப்பின் வலி சரியாக மேலே போய்ச் சேராது. யானை ஏறி மிதித்த மாதிரி வலி வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு வருவது திடீர் வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், தாடை அல்லது மேல் வயிற்றில் ஒரு சங்கடம், காரணமில்லாத அசதி. சோடா குடித்து ஏப்பம் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே பொன்னான இரண்டு மணி நேரம் போய்விடும். சர்க்கரை உள்ளவருக்குச் சட்டென்று வியர்த்தால் முதலில் சுகர் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழ் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது தலை தட்டிய மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சுகர் சரியாக இருந்தும் வியர்வை நிற்கவில்லை என்றால் அது இதயம் என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அந்த நரம்பு கெட்டிருக்கிறதா என்பதை பிரஷர் மெஷினை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்திருங்கள். படுத்தபடியே பிரஷரும் நாடித் துடிப்பும் எடுங்கள். எழுந்து நில்லுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். பிரஷர் விழுந்தும் துடிப்பு கூடாமல் 90-லேயே நிற்கிறது என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்குச் செல்லாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 100-ஐத் தாண்டி நிற்பதும் ஓர் அடையாளம்; இரத்தசோகையும் தைராய்டும் இல்லை என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இப்படி நரம்பு கெட்டவர்கள் உடற்பயிற்சியில் துடிப்பை எண்ணிக்கொண்டு போகக் கூடாது. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதுதான் அவர்களுக்கு அளவு.

எண்களும் மாத்திரைகளும்

இங்கிலாந்தின் யுகேபிடிஎஸ் ஆய்வு 1998-ல் வெளிவந்தபோது சர்க்கரையை இறுகப் பிடித்தால் நுண்குழாய் நோய்கள் 25 சதவீதம் குறைந்தன. பிரஷரைத் தளர்வாகப் பிடித்த பிரிவில் சராசரி 154/87 இருக்க, இறுகப் பிடித்து 144/82-ல் வைத்த பிரிவில் அது 37 சதவீதமும் பக்கவாதம் 44 சதவீதமும் குறைந்தன. பத்துப் புள்ளி பிரஷருக்கு அவ்வளவு பலன். இன்றைய இலக்கு 130/80-க்குக் கீழ். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து மூச்சு வாங்க எடுக்கும் பிரஷரை நம்பாதீர்கள். வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் எடுங்கள். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு. பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் எண் கூடிக் காட்டும்.

சர்க்கரையில் எவ்வளவு இறுக்கம் என்பது ஆளைப் பொறுத்தது. 2008-ல் அக்கார்ட் ஆய்வில் ஏற்கெனவே இதய ஆபத்து அதிகம் உள்ள 10,251 பேரை எடுத்து, ஒரு பிரிவின் எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழ் இறக்கப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் மரணம் கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. நோய் புதிதாக வந்த 40 வயதுக்காரர் 6.5-க்கு முயலலாம். ஸ்டென்ட் வைத்து, இன்சுலின் போட்டு, அடிக்கடி தாழ்சர்க்கரை வரும் 75 வயதுப் பெரியவரை 6.5-க்கு விரட்டுவது ஆபத்து, அவருக்கு 7.5 அல்லது 8 போதும். இதில் இன்னொரு சிக்கல்: இரும்புச் சத்துக் குறைந்த இரத்தசோகை எச்பிஏ1சி-யைக் கூட்டிக் காட்டும், சமீபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் குறைத்துக் காட்டலாம். ஹீமோகுளோபின் 9 உள்ள பெண்ணின் எச்பிஏ1சி-யைக் குளுக்கோமீட்டர் எண்ணோடு ஒப்பிடாமல் மாத்திரையைக் கூட்டக் கூடாது.

கசிவு இருப்பவருக்கு ராமிப்ரில், டெல்மிசார்டன் வகையில் ஏதாவது ஒன்று கொடுப்பார்கள். பிரஷருக்கு மட்டுமல்ல, வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தனியாகக் குறைக்கவும்தான். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததே. 0.9 என்பது 1.1 ஆனதும் ‘கிட்னியைக் கெடுக்கும் மாத்திரை’ என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் உண்மையில் கிட்னிக்குக் கெடுதல். வறட்டு இருமல் வந்தால் மாற்று மாத்திரை உண்டு. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அப்போது இவை கூடாது.

டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுபவை. இதயத் தளர்ச்சியையும் சிறுநீரகச் சேதத்தையும் தடுக்கிற வேலை தனி. 2015-ல் வந்த எம்பா-ரெக் ஆய்வில் இதய மரணம் 38 சதவீதம், தளர்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது 35 சதவீதம் குறைந்தது. முன்பு விலை பயமுறுத்தியது. காப்புரிமை முடிந்து இப்போது இரண்டுக்கும் உள்ளூர்த் தயாரிப்பு கிடைக்கிறது. இதைச் சாப்பிட்டால் யூரின் சுகர் எப்போதும் பாசிட்டிவ்தான், பதற வேண்டாம். பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம்; ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவித் துடைத்தால் பெருமளவு தவிர்க்கலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துபவர்கள் நிறையப் பேர். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் நாட்களில் இதை நிறுத்தி வைக்க வேண்டும். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பும் நிறுத்த வேண்டும். சோற்றை அறவே விட்டுக் கீட்டோ டயட் இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது; சுகர் 180-தான் இருக்கும், உள்ளே கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆளைச் சாய்த்துவிடும்.

40 வயதுக்கு மேற்பட்ட பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்கு, கொலஸ்ட்ரால் ‘நார்மல்’ என்றாலும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை உண்டு. சுகரைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை. கிடைக்கும் லாபத்துக்கு முன் அது சில்லறை. மூச்சு வாங்கலும் கால் வீக்கமும் உள்ளவருக்கு பயோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை நீரைத் தேக்கி நிலைமையை மோசமாக்கும், உங்கள் கூட்டு மாத்திரையில் அது இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகையறா இன்னொரு வில்லன். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளில் படுத்துவிடலாம். பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உப்பு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு என்று தட்டின் ஓரத்தில் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் நடக்கிறது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டு, மேலே சொன்ன டெல்மிசார்டன் வகை மாத்திரையும் சாப்பிடுபவருக்கு அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். நடை வாரத்துக்கு 150 நிமிடம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10, 15 நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும், சாப்பிட்ட பின் ஏறும் சுகரும் தணியும். விழித்திரையில் புதுக் குழாய் முளைத்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும் முக்கிப் பளு தூக்கக் கூடாது. பீடி, சிகரெட் பற்றி விளக்கமே வேண்டாம்: ஏற்கெனவே சுருங்கிய குழாயை அது இன்னும் சுருக்கும்.

அவசரம் என்று தோன்றினால் 108. பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள், மாடிப்படி ஏற விடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போங்கள். 2023-லிருந்து ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை முதல் டோஸாக வைத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். வாசலில் நுழையும்போதே ‘இவருக்குச் சர்க்கரை இருக்கு, நெஞ்சு வலி இல்ல, ஆனா வியர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குது, ஈசிஜி எடுங்க’ என்று சொல்லுங்கள். முதல் ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சிறிது நேரம் விட்டு இன்னொரு ஈசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் அந்தப் பேச்சு.